புதுப்பிப்பு: கோப்ரா ரெப்ளிகாவில் அக்யூசம்ப் மாட்டியாச்சு

மாதக்கணக்கில் நிற்கும் என் வண்டியை (பழைய கோப்ரா ஸ்போர்ட்ஸ் காரின் நகல்) ஸ்டார்ட் செய்யுமுன் இன்ஜின் பேரிங்குகளுக்கு ஆயில் கொடுக்க எலெக்ட்ரிக் பம்ப்பா, அக்யூசம்ப்பா (ஆயிலை அழுத்தத்தில் சேமித்து வைக்கும் சிலிண்டர்) என்று முன்பு கேட்டிருந்தேனே, அக்யூசம்ப்பே மாட்டிவிட்டேன். 3 குவார்ட் (சுமார் 2.8 லிட்டர்) சிலிண்டர். உள்ளே பிஸ்டன், ஒருபுறம் காற்று, மறுபுறம் ஆயில். சுவிட்சைப் போட்டால் வால்வு திறந்து, ஸ்டார்ட்டர் சுற்றுவதற்கு முன்பே பிரஷர் முள் எழுகிறது. அதைப் பார்ப்பதில் ஒரு அல்ப சந்தோஷம்!

செக் வால்வை (ஆயிலை ஒரே திசையில் மட்டும் விடும் வால்வு) மட்டும் மாட்டாமல் விட்டுவிடாதீர்கள். இல்லாவிட்டால் ஆயில் பம்ப் வழியாகவே சம்ப்புக்கு (இன்ஜினுக்கு அடியில் உள்ள ஆயில் தொட்டி) திரும்பிவிடும். அணைக்கும்போது, பிரஷர் இருக்கையிலேயே வால்வை மூடிவிட்டுத்தான் இன்ஜினை நிறுத்த வேண்டும். தனி சுவிட்ச் வைத்தது அதற்காகத்தான்.

வயரிங் சுலபம். சைடு பைப் (காரின் பக்கவாட்டில் ஓடும் புகைக்குழாய்) சூட்டிலிருந்து ஹோஸைத் தள்ளிக் கொண்டுபோவதற்குத்தான் படாத பாடு பட்டேன்.