தம்ப்டிரைவிலிருந்து பூட் ஆகாத மேசைக் கணினி: நேற்று வழிக்கு வந்தது, இன்று மீண்டும் மறுக்கிறது

ஈசூன்வாசி:

வணக்கம். சிங்கப்பூரில் ஈசூன் வட்டாரத்தில் எங்கள் வீவக அடுக்குமாடி வீட்டில் அம்மா பயன்படுத்தும் மேசைக் கணினி 2014இல் வாங்கியது. நான்காம் தலைமுறை இன்டெல் ஐ5 செயலியும் 8 ஜிபி நினைவகமும் அதில் உள்ளன. 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கான ஆதரவு முடிந்துவிட்டது. இந்தச் செயலியோ விண்டோஸ் 11க்கான தகுதிப் பட்டியலில் இல்லை. செய்தி படிப்பதற்கும் ஊரில் இருக்கும் சித்தியோடு வீடியோவில் பேசுவதற்கும்தான் அம்மாவுக்குக் கணினி தேவை என்பதால், லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுக் கொடுக்கலாம் என்று முடிவு செய்து, தம்ப்டிரைவை நிறுவலுக்குத் தயாரிக்கும் ரூஃபஸ் மென்பொருளில் ஜிபிடி என்ற வட்டுப் பிரிப்பு முறையைத் தேர்ந்தெடுத்து 16 ஜிபி தம்ப்டிரைவ் ஒன்றைத் தயாரித்தேன்.

என் மடிக்கணினியில் அது உடனே பூட் ஆகிறது, அதாவது கணினி அதிலிருந்து எழுகிறது. மேசைக் கணினியிலோ, பூட் மெனுவில் தம்ப்டிரைவின் பெயர் தெரிந்தாலும், அதைத் தேர்ந்தெடுத்தால் கருந்திரையில் ஆங்கிலத்தில் சில வரிகள் தோன்றுகின்றன. அவற்றுள் ‘லெகசி’ என்ற சொல் மட்டும் எனக்கு நினைவில் இருக்கிறது. முன்புறத் துளை, பின்புறத் துளை இரண்டிலும் செருகிப் பார்த்துவிட்டேன். பூட் வரிசையில் அதை முதலிடத்தில் வைத்தேன். அங்கீகரிக்கப்படாத நிரல்கள் பூட் ஆவதைத் தடுக்கும் செக்யூர் பூட் வசதி முன்பிருந்தே அணைக்கப்பட்டுள்ளது.

இதற்குத் தொடர்புண்டா என்று தெரியவில்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன்: காலையில் கணினியைப் போட்டதும் தேதி 2014 ஜனவரி 1 என்று காட்டும், சற்று நேரத்தில் தானே சரியாகிவிடும்.

தெம்பனிஸ்_வாசகர்:

மலிவான தம்ப்டிரைவ்களில் இந்தத் தொல்லை உண்டு. வேறொன்றை வாங்கி, வென்டாய் மென்பொருளைக் கொண்டு தயாரித்துப் பாருங்கள்.

ஜூரோங்_கணினிக்காரர்:

மடிக்கணினியில் பூட் ஆகும் தம்ப்டிரைவைக் குறை சொல்ல இடமில்லை. புதிதாக வாங்கிக் காசை வீணாக்க வேண்டாம். நீங்கள் நினைவில் வைத்திருக்கும் அந்த ஒரு சொல்லே போதும்.

கணினியைப் போட்டதும் முதலில் ஓடி இயங்குதளத்தை எழுப்பும் அடிப்படை நிரலுக்கு இரண்டு முறைகள் உண்டு. பழைய பயாஸ் முறையில், அதாவது லெகசி முறையில், கணினி தம்ப்டிரைவின் முதல் 512 பைட்டுகளை மட்டும் படித்து, அங்கே இருக்கும் சிறு நிரலை அப்படியே இயக்கிவிடும். உள்ளே என்னென்ன கோப்புகள் இருக்கின்றன என்பது அதற்குத் தெரியாது. புதிய யூஇஎஃப்ஐ முறை அப்படியன்று. அது தம்ப்டிரைவில் ஃபேட்32 என்ற கோப்பு முறையில் உள்ள பகுதியைத் திறந்து, ‘இஎஃப்ஐ’ என்ற கோப்புறைக்குள் ‘பூட்’ என்ற கோப்புறையில் ‘பூட்எக்ஸ்64’ என்ற கோப்பைத் தேடி எடுத்து இயக்குகிறது. ரூஃபஸில் ஜிபிடி என்று தேர்ந்தெடுத்தால் யூஇஎஃப்ஐ கணினிக்கு மட்டுமான தம்ப்டிரைவ்தான் உருவாகும். அதை லெகசி முறையில் எழுப்பினால், முதல் 512 பைட்டுகளில் ரூஃபஸ் எழுதி வைத்திருக்கும் எச்சரிக்கைதான் திரையில் வரும். நீங்கள் பார்த்தது அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

2014ஆம் ஆண்டுக் கணினிகள் பல இரண்டு முறைகளையும் அறிந்தவை; ஆனாலும் விண்டோஸ் 7ஐ மனத்தில் வைத்து லெகசியையே இயல்புநிலையாகக் கொண்டு வெளிவந்தவை அவற்றில் நிறைய உண்டு. பயாஸ் அமைப்புத் திரைக்குள் (எந்த முறையானாலும் பேச்சில் அதைப் பயாஸ் என்றே சொல்வோம்) சென்று, பூட் என்ற பக்கத்தில் ‘லெகசி’ அல்லது பழைய முறைக்கு இடம்தரும் ‘சிஎஸ்எம்’ என்றிருப்பதை யூஇஎஃப்ஐக்கு மாற்றிச் சேமியுங்கள். ஃபாஸ்ட் பூட் இருந்தால் அதையும் அணைத்துவிடுங்கள். சில மதர்போர்டுகள் அவசரத்தில் யூஎஸ்பி துளைகளை விழிக்கச் செய்யாமலேயே தாண்டிவிடும். அதன் பிறகு பூட் மெனுவில் யூஇஎஃப்ஐ என்ற முன்னொட்டோடு தம்ப்டிரைவின் பெயர் வரும். அதையே தேர்ந்தெடுங்கள்.

இப்போதுள்ள விண்டோஸ் லெகசி முறையில் நிறுவப்பட்டிருந்தால், இந்த மாற்றத்துக்குப் பிறகு அது எழாது. பதற வேண்டாம், எதுவும் அழியவில்லை; அமைவைத் திருப்பினால் அதுவும் திரும்பிவிடும். வட்டு விண்டோஸின் பிட்லாக்கர் என்ற பூட்டு வசதியால் பூட்டப்பட்டிருந்தால் மட்டும் மீட்புச் சாவியை முதலில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஈசூன்வாசி:

மிக்க நன்றி அண்ணா. சனிக்கிழமை காலை நீங்கள் சொன்னபடியே செய்தேன். ஐந்து நிமிடத்தில் லினக்ஸ் மின்ட் திரை வந்துவிட்டது. வைஃபையை இணைத்த கையோடு உலாவியைத் திறந்தபோது எந்தத் தளத்தையும் பாதுகாப்பற்றது என்றது. சற்று நேரத்தில் அதுவும் தானே சரியானது. அம்மாவின் படங்களை வெளிவட்டுக்கு நகலெடுக்கவே இரவாகிவிட்டதால், நிறுவுவதை மறுநாளைக்குத் தள்ளிவைத்தேன்.

ஞாயிறு காலை போட்டால் மீண்டும் அதே கருந்திரை, அதே ஆங்கில வரிகள். பயாஸில் பார்த்தால் எல்லாம் லெகசிக்கே திரும்பியிருக்கிறது. சேமித்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

பிடோக்_பழுதுபார்ப்பவர்:

தம்பி, நீங்கள் சேமித்தீர்கள், கணினிதான் மறந்துவிட்டது. முதல் பதிவின் கடைசி வரியில் விடையை நீங்களே எழுதியிருக்கிறீர்கள், நாங்கள்தான் தாண்டிப் போய்விட்டோம். ஒன்று கேட்கிறேன்: இரவில் சுவரில் இருக்கும் சுவிட்சை அணைத்துவிட்டுத்தானே அம்மா தூங்கப் போகிறார்?

ஈசூன்வாசி:

ஆமாம் ஐயா. குளிர்பதனப் பெட்டியைத் தவிர வீட்டில் எல்லாச் சுவிட்சும் அணைந்துவிடும். மின்கட்டணம் ஒரு காரணம், இடிமின்னல் இன்னொரு காரணம்.

பிடோக்_பழுதுபார்ப்பவர்:

அப்படியானால் ஐயமில்லை. மதர்போர்டில் நாணயம் போல ஒரு பேட்டரி இருக்கும்: சிஆர்2032, 3 வோல்ட். சுவரிலிருந்து மின்சாரம் வந்துகொண்டிருக்கும் வரை, கணினியை நிறுத்தியிருந்தாலும் மின்வழங்கிப் பெட்டி கடிகாரச் சிப்புக்குச் சிறிது மின்சாரம் தந்துகொண்டே இருக்கும். ஆகவே பேட்டரி செத்தது யாருக்கும் தெரியாது. சுவர் சுவிட்சை அணைத்த கணத்தில் அந்தப் பேட்டரி ஒன்றுதான் துணை. அதுவும் தீர்ந்துபோயிருப்பதால் கடிகாரம் நின்று, தொடக்கத் தேதிக்குப் போய்விடுகிறது. கடிகாரத்தின் மின்சாரம் அறுந்ததைக் கண்ட மதர்போர்டு, நீங்கள் வைத்த அமைவுகளை நம்பாமல் இயல்புநிலைக்குத் திரும்பிவிடுகிறது. சனிக்கிழமை உலாவி அடம்பிடித்ததும் இதனால்தான்: 2014இல் இருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கும் கணினிக்கு, இன்றைய தளச் சான்றிதழ்கள் எல்லாம் இன்னும் பிறக்காதவை. இணையத்திலிருந்து சரியான நேரம் வந்ததும் சண்டை தீர்ந்துவிட்டது.

நேற்று நீங்கள் நிறுவாமல் விட்டது நல்லதாயிற்று. யூஇஎஃப்ஐ முறையில் நிறுவியிருந்தால், இன்று காலை லெகசிக்குத் திரும்பிய கணினி வட்டில் பூட் செய்ய ஒன்றுமில்லை என்று சொல்லியிருக்கும். அம்மா உங்களைத்தான் அழைத்திருப்பார்.

ரூஃபஸில் லெகசிக்கு ஏற்ற எம்பிஆர் முறையில் தம்ப்டிரைவை மறுபடி தயாரித்து, லெகசியிலேயே நிறுவிவிடவும் முடியும். அது வேலை செய்யும். ஆனால் கடிகாரம் தினமும் காலையில் 2014க்கே போகும். சில வெள்ளி விலையுள்ள பேட்டரிக்காக அந்தக் கோளாறோடு காலம் தள்ளுவதை நான் ஏற்கமாட்டேன்.

பேட்டரி உங்கள் வட்டாரக் கடையிலேயே கிடைக்கும்; இல்லையென்றால் ரோச்சோர் பக்கம் சிம் லிம் டவருக்குப் போங்கள். சிஆர்2025 என்பதைக் கொடுத்தால் வாங்க வேண்டாம். அகலம் அதே 20 மில்லிமீட்டர்தான், ஆனால் 3.2க்குப் பதிலாக 2.5 மில்லிமீட்டர் தடிப்பே உள்ளதால் பிடிப்பில் தளர்வாக உட்காரும். மின்கம்பியைக் கழற்றி, கணினியின் பொத்தானைச் சில விநாடிகள் அழுத்திப் பிடித்து எஞ்சிய மின்சாரத்தை வெளியேற்றிய பிறகு பெட்டியைத் திறந்து, உலோகச் சட்டத்தைத் தொட்டுவிட்டுக் கை வையுங்கள். கூட்டல் குறி உள்ள பக்கம் மேலே தெரிய வேண்டும். பேட்டரியைக் கழற்றினாலே எல்லா அமைவுகளும் போய்விடும். அதனால் முதலில் பேட்டரி, பிறகு தேதி, அதன் பிறகு யூஇஎஃப்ஐ என்ற வரிசையில் செய்யுங்கள். வீட்டில் சிறு பிள்ளைகள் இருந்தால் பழைய பேட்டரியை அவர்கள் கைக்கு எட்டாமல் வையுங்கள். விழுங்கினால் அது உணவுக்குழாயை அரித்துவிடும்.

நிறுவுவதற்கு முன் ஓரிரவு சுவிட்சை அணைத்து வைத்து, காலையில் தேதி நிற்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

ஈசூன்வாசி:

பேட்டரியை மாற்றினேன் ஐயா. பழையதை மல்டிமீட்டரில் அளந்தால் 1.1 வோல்ட்தான் காட்டியது. இரண்டு இரவு சுவிட்சை அணைத்துப் பார்த்தேன், தேதியும் யூஇஎஃப்ஐயும் அப்படியே இருந்தன. பிறகு வட்டு முழுவதையும் அழித்து லினக்ஸ் மின்ட் நிறுவினேன்; சித்தியோடு பேசியும் ஆயிற்று. ஆனால் இன்று காலை பத்து மணிக்குப் பயாஸைத் திறந்து பார்த்தால் மணி இரண்டு என்று காட்டுகிறது. லினக்ஸ் திரையில் நேரம் சரியாகத்தான் இருக்கிறது. புதிய பேட்டரியும் பழுதா?

பிடோக்_பழுதுபார்ப்பவர்:

இல்லை தம்பி. பேட்டரி செத்திருந்தால் தேதியே போயிருக்கும். விண்டோஸ் உள்ளூர் நேரத்தைப் பயாஸ் கடிகாரத்தில் எழுதும். லினக்ஸ் உலகப் பொது நேரத்தை அதில் எழுதி, திரையில் காட்டும்போது சிங்கப்பூருக்கான 8 மணி நேரத்தைக் கூட்டிக்கொள்ளும். பயாஸில் மணியைத் திருத்த வேண்டாம், அப்படியே விட்டுவிடுங்கள்.