பரிபாடல் 19ஆம் பாடலின் பழைய உரை வேண்டும்

பினாங்கு பட்டர்வொர்த்தில், வரும் நவராத்திரிக்கு அகலிகை பற்றி 15 நிமிட நாடகம் ஒன்றை எழுதி வருகிறேன். சாபக் காட்சியில் சிக்கிக்கொண்டேன். வான்மீகத்தில் அவள் கல்லாவதில்லை. வந்தவன் இந்திரன் என்று அறிந்தே இணங்கியவள், காற்றை மட்டும் உண்டு, சாம்பலில் கிடந்து, எவர் கண்ணுக்கும் தெரியாமல் தவமிருக்கிறாள். கம்பரிடம் கல்லாகிறாள். ஆனால் கம்பருக்கு முன்பே, திருப்பரங்குன்றத்து ஓவியத்தைச் சுட்டி "இவள் அகலிகை" என்று ஒருவர் விளக்கும் பரிபாடல் 19இல், கவுதமன் சினத்தால் அவள் 'கல்லுரு' அடைந்த செய்தி வந்துவிடுகிறது. எங்கள் குழுவினரோ கல்லைத் தவிர வேறெதையும் ஏற்க மறுக்கிறார்கள். (தெர்மகோல் கல்லுக்குச் சாம்பல் வண்ணமும் பூசியாயிற்று!)

ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவிலும் பிரிக்ஃபீல்ட்ஸிலும் கடை கடையாகத் தேடியதில் புத்துரைப் பதிப்புகளே கிடைத்தன. உ.வே.சா. 1918இல் பரிமேலழகர் உரையுடன் வெளியிட்ட பதிப்பின் மின்படி ஒன்று கைக்கு வந்தது. அதிலும் எனக்கு வேண்டிய பக்கம் மை மங்கி, ஓரம் அறுபட்டு இருக்கிறது. ஒத்திகைக்கு இன்னும் இரண்டு வாரமே உள்ளது.

கோலாலம்பூரிலோ பினாங்கிலோ அந்தப் பதிப்பை வைத்திருப்பவர், அகலிகை இடம்பெறும் உரைப்பகுதியை மட்டும் படமெடுத்து அனுப்ப இயலுமா?