பியானோ ட்யூனிங் பின்னில் (கம்பியை இழுத்துச் சுருதி ஏற்றும் முளை) காயில் (கம்பிச் சுருள்) சுற்றும்போது மனசை அரித்த இடம் எது?

மூணுசுத்து
அப்ரைட் (நிமிர்ந்து நிற்கும்) பியானோ ஒன்று. ட்ரெபிளில் (உச்ச ஸ்வரப் பகுதி) 16-ம் நம்பர் கம்பி, புதிது. சுருதிக்கு ஏற்றினால் மறுநாள் கால் ஸ்வரம் இறங்கியிருக்கும். பின் பிளாக் (பின்கள் இறங்கியிருக்கும் மரம்) போச்சு, பெரிய சைஸ் பின் போடணும் என்றுதான் பேச்சு. பின்னைத் திருப்பும் லீவரை வைத்துப் பார்த்தால் பின் நல்ல இறுக்கம். டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்ததும் தெரிந்தது: முதல் சுற்றுக்கும் இரண்டாவதுக்கும் நடுவே வெளிச்சம் வருகிறது. பின்னின் காதுக்குள் (கம்பி நுனி நுழையும் துளை) நுழையும் மடிப்பும் கூர்மையாக இல்லை, வில் மாதிரி வீங்கி நிற்கிறது. 70 கிலோ அளவு இழுவையில் அந்த வீக்கம் கொஞ்சம் கொஞ்சமாக அமுங்கினால் சுருதி எப்படி நிற்கும்? கம்பியைப் பாதி தளர்த்தி, காயிலை மேலே தூக்கி, மடிப்பை ப்ளையரால் அமுக்கிய பிறகு நின்றது.

நாலுவிரல்
இங்கே பிரச்சினை நேர் எதிர். கம்பி நுனி காதின் மறுபக்கம் 2 மி.மீ. நீட்டிக்கொண்டு இருந்தது, லீவரின் தலை பின்னில் முழுசாக உட்காரவே இல்லை. நுனி மறுபக்க விளிம்போடு சமமாக நிற்கணும், அவ்வளவுதான். அளவுக்கு, பின்னைத் தாண்டி நாலு விரல் அகலம் விட்டு வெட்டினால் போதும். கையால் இரண்டரை சுற்று. மீதி அரை சுற்று சுருதி ஏறும்போது தானாக வரும்.

மேப்பிள்
நாலு விரல் கணக்கு யாருடைய விரல்? 7.1 மி.மீ. பின், 0.94 மி.மீ. கம்பி: ஒரு சுற்றுக்கு சுமார் 25 மி.மீ. மூணுக்கு 75, காதுக்குள் 7. ஆக 82. செம்பு சுற்றிய பாஸ் (தாழ் ஸ்வர) கம்பிக்கு, உள்கம்பி 1.2 என்றால், 85. ஒரு மரத்துண்டில் இரண்டு கோடு போட்டு வைத்துக்கொண்டால் விரலுக்கு வேலை இல்லை.

பார்த்தது இதுதான்: நீளமாக வெட்டியதால் நாலு சுற்று விழுந்த பின். பழைய கம்பியைக் கழற்ற மூணு சுற்று வெளியே திருப்பிவிட்டு நாலு சுற்று உள்ளே திருப்பினால், பின் தன் மரையில் ஒரு சுற்று கூடுதலாக இறங்கும். அடிச்சுற்று இரும்புத் தகட்டை உரசிக்கொண்டு இருந்தது.

யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். ஒற்றைக் கம்பி மாற்றும்போது காயிலை டம்மி பின்னில் (கையில் வைத்துச் சுற்றும் தனிப் பின்) சுற்றி, கழற்றி, நிஜப் பின்னில் மாட்டி, நுனியைக் காதில் செருகுங்கள். சுற்றுகள் காதுக்குக் கீழே இறங்கணும், ஒன்றின் மேல் ஒன்று ஏறக்கூடாது. காயில் லிஃப்டரால் கீழிருந்து மேலே தூக்குவது கம்பி லேசாக விறைத்திருக்கும்போதுதான். தொளதொளவென்று இருந்தால் தூக்கினது திரும்ப இறங்கிவிடும், முழு இழுவையில் தூக்கினால் கம்பி கீறும். மேலிருந்து ஸ்க்ரூடிரைவரால் தட்டி இறக்குவது தலைகீழ் வேலை, இடைவெளிதான் கூடும். பாஸ் கம்பி என்றால் ஹிட்ச் பின்னில் (கம்பியின் மறுபக்கத்தைப் பிடிக்கும் முளை) மாட்டும் முன் செம்புச் சுற்று போகும் திசையிலேயே ஒரு முறுக்கு கொடுங்கள், இல்லையென்றால் கரகரக்கும். வியர்வைக் கையால் கம்பியைத் தொடாதீர்கள். கண்ணாடி போடுங்கள்.

ஹிட்ச்பின்
@மூணுசுத்து, பாதி தளர்த்திச் சரிசெய்ததோடு நிறுத்தியது நல்லது. இங்கே ஒன்றில் கம்பியை முழுசாக உருவி, பழைய மடிப்பை நிமிர்த்தி, மறுபடி அதே இடத்தில் மடித்துச் செருகியிருந்தார்கள். சுருதிக்குக் கால் ஸ்வரம் பாக்கி இருக்கும்போது காதுக்கிட்டயே பட்டென்று போனது. ட்ரெபிளில் ஒரே கம்பிதான் ஹிட்ச் பின்னைச் சுற்றித் திரும்பி அடுத்த பின்னுக்கும் போகிறது, அதனால் பக்கத்துக் கம்பியும் சேர்ந்தே காலி. ஒன்றுக்கு வந்த வேலை, இரண்டு காயில்.

நாலுவிரல்
சரி, மரத்துண்டு. ஆனால் 82-ஐ எங்கிருந்து அளக்கிறீர்கள், பின்னின் நடுவிலிருந்தா, வெளி விளிம்பிலிருந்தா? அதிலேயே 3.5 மி.மீ. வித்தியாசம் வருகிறதே.