உங்களை இன்னும் உறுத்தும் ஒரே ஒரு திரை: பாதுகாப்புக் கன்சோல் அனுபவங்கள்

இரா_ஷிஃப்ட்

நேரே விஷயத்துக்கு வருகிறேன். "மால்வேர்.பைனரி." அலர்ட் திரையில் விழுந்த அந்த ஒரு வரிதான் என்னை இன்னும் உறுத்துகிறது.

அமெரிக்கக் கடைச் சங்கிலி டார்கெட்டில் நடந்த கார்டுத் திருட்டுக் கதை எல்லோருக்கும் தெரியும். 2013, 4 கோடி கார்டு, ஏசி காண்ட்ராக்டரின் லாகின் வழியாக உள்ளே வந்தார்கள். அதை விடுங்கள். நவம்பர் 30 அன்று ஃபயர்ஐ என்ற தீநிரல் பிடிக்கும் கருவி அந்தப் பெயரில் அலர்ட் அடித்தது. டார்கெட்டின் பெங்களூர்க் குழு பார்த்து மினியாபொலிஸ் தலைமையகத்துக்குத் தெரிவித்தது. அங்கே அது அப்படியே படுத்துவிட்டது. டிசம்பர் 2-ல் மறுபடி அடித்தது. அப்போதும் அதே மொட்டைப் பெயர்.

ஏன் மொட்டைப் பெயர்? சாண்ட்பாக்ஸ் என்ற தனிமைப்படுத்திய சோதனைச் சூழலில் ஓட்டிப் பார்த்துப் பிடித்த புது நிரலுக்கு, ஏற்கெனவே தெரிந்த தீநிரல் குடும்பத்தின் பெயர் கிடையாது. ஆக, யாருமே இதுவரை பார்க்காத சரக்குக்குத்தான் திரையில் மிகச் சப்பையான பெயர் விழுகிறது. எவனோ இறக்கிவைத்த விளம்பர டூல்பாருக்கோ "ட்ரோஜன்", சிவப்புக் கட்டம், ஆச்சரியக்குறி எல்லாம் உண்டு. பட்டியலை மேலிருந்து கீழே மேய்கிற கண் எங்கே நிற்கும்? "கார்டு தரவு கடக்கும் சர்வர், முன்பு எங்கும் காணாத நிரல், கோப்புகளை எஃப்டிபியில் வெளியே அனுப்பும் முயற்சி" என்று அந்த வரி இருந்திருந்தால் யாராவது போனை எடுத்திருப்பார்கள் என்றுதான் தோன்றுகிறது.

கமிட்_கன்ஃபர்ம்டு

திரைமேல் பழி போடுவது சுலபம், இரா அண்ணே. அந்தக் கருவியில் தானாக அழிக்கும் வசதி இருந்தது, அணைத்து வைத்திருந்தார்கள் என்றும் அதே செய்திகளில்தான் வந்தது. அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

என்னை உறுத்துவது ஃபயர்வாலில் மாற்றங்களை அமலாக்கும் கமிட் பட்டன். தொலைவிலிருந்து ரூல் மாற்றுகிறீர்கள். கமிட். செஷன் உறைந்தது. நீங்கள் வந்த பாதையையே நீங்கள் அடைத்துவிட்டீர்கள். இனி டேட்டா சென்டருக்கு யாராவது கன்சோல் கேபிளோடு போக வேண்டும்.

ஜூனிபர் கருவிகளின் இயங்குதளமான ஜூனோஸில் இதற்கு "கமிட் கன்ஃபர்ம்டு" இருக்கிறது. மாற்றம் உடனே அமலாகும்; 10 நிமிடத்துக்குள் இன்னொரு கமிட் கொடுக்காவிட்டால் தானே பழைய கான்ஃபிகுக்கு, அதாவது பழைய அமைப்புகளுக்கு, திரும்பிவிடும். நிமிடத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். சிஸ்கோவில் பழைய தலைமுறை "ரீலோட் இன் 10" (10 நிமிடத்தில் ரீபூட் ஆகு) போட்டுவிட்டு வேலையை ஆரம்பிக்கும், நல்லபடி முடிந்தால் "ரீலோட் கேன்சல்". அங்கே ஒரு பொறி உண்டு: பழக்க தோஷத்தில் நடுவிலேயே கான்ஃபிகைச் சேமித்துவிட்டால், ரீபூட் ஆகி அதே தப்பான கான்ஃபிகோடு எழுந்து நிற்கும். ஜூனோஸில் மறதி உங்கள் பக்கம் நிற்கும், சிஸ்கோ வித்தையில் எதிர்ப்பக்கம். "நிச்சயமா?" என்று கேட்கும் பெட்டியால் இந்த இரண்டிலும் ஒரு பைசா பிரயோஜனமில்லை. கமிட் அழுத்துகிற நொடியில் எல்லோரும் நிச்சயமாகத்தான் இருக்கிறார்கள்.

அஞ்சரை_மணி

சின்ன விஷயம்தான், லாகில் வரும் உலகப் பொது நேரம்: யூடிசி.

சென்னை ஷிஃப்டில் யூடிசி 18:30 என்றால் நள்ளிரவு 12. அதற்குப் பிறகு 24:00 வரை எல்லா நிகழ்வுக்கும் ஒரு திரையில் ஒரு தேதி, இன்னொரு திரையில் மறுநாள் தேதி. சீயெம் (எல்லா லாகையும் ஒரே இடத்தில் சேர்ப்பது) கன்சோல் யூசரின் நேர மண்டலத்தைக் காட்டும், ஈடிஆர் (ஒவ்வொரு கணினியையும் கண்காணிப்பது) பிரவுசரின் நேரத்தைக் காட்டும், ஏற்றுமதி செய்த சிஎஸ்வியில் மண்டலமே இருக்காது. 03/12 மார்ச்சா டிசம்பரா என்பதும் கடவுளுக்கே வெளிச்சம். முழு மணி வித்தியாசமாக இருந்தாலாவது நிமிட முள்ளை வைத்து இரண்டு லாகைப் பொருத்திவிடலாம். நமக்கு அரை மணி வேறு ஒட்டிக்கொண்டு வருகிறது.

இதைவிட மோசம் ஷிஃப்ட் மாற்றும்போது கொடுக்கும் லிங்க். அதற்குள் "கடைசி 4 மணி நேரம்" என்று இருக்கும். அடுத்தவர் 3 மணி நேரம் கழித்துத் திறந்தால் வேறு நிகழ்வுகள். "நீங்க சொன்ன அலர்ட் இங்க இல்லையே" என்பார். பகிர் பட்டனை அழுத்திய நொடியிலேயே தொடக்கமும் முடிவும் உறைந்த நேரமாக மாறிவிட வேண்டும். இதைச் செய்யாத கன்சோலில் தேடல் லிங்க் கொடுக்காதீர்கள், நிகழ்வின் ஐடியைக் கொடுங்கள்.

என்_கழித்தல்_1

2024 ஜூலை 19. கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனத்தின் கெட்ட அப்டேட்டால் கணினிகள் முடங்கி விழுந்த நீலத்திரையைப் பற்றி எல்லோரும் எழுதியாயிற்று, 85 லட்சம் விண்டோஸ் கணினி என்று மைக்ரோசாஃப்டே கணக்குச் சொன்னது. யாரும் அதிகம் பேசாதது பாலிசித் திரை.

கிரவுட்ஸ்ட்ரைக்கில் சென்சார் அப்டேட் பாலிசி என்று ஒன்று உண்டு; கணினியில் நிறுவிய சென்சார் மென்பொருளின் எந்தப் பதிப்பு ஓட வேண்டும் என்று சொல்வது. புத்தம்புது பதிப்பு வேண்டாம், ஒன்று பின்னால் போதும் என்பவர்கள் என்-1 வைப்பார்கள், இன்னும் பயந்தவர்கள் என்-2. வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கினார்கள். அந்தக் கணினிகளும்தான் விழுந்தன. ஏனென்றால் அன்று போனது சென்சார் பதிப்பு இல்லை, எதைப் பிடிப்பது என்று சென்சாருக்குச் சொல்லும், சேனல் ஃபைல் 291 என்ற கன்டென்ட் கோப்பு. அது எல்லோருக்கும் ஒரே நேரத்தில் போகும், என்-1 அதைத் தொடாது. யூடிசி 04:09-க்கு வெளியிட்டு 05:27-க்குத் திரும்பப் பெற்றார்கள். அந்த 78 நிமிடத்தில் ஆன்லைனில் இருந்து அதை வாங்கிக்கொண்டதுதான் பாவம்.

அமைப்பின் பெயர் பொய் சொல்லவில்லை. "சென்சார்" என்றுதான் எழுதியிருந்தது. ஆனால் படிக்கிறவர் மனதில் "இந்தக் கம்பெனி அனுப்புவது எல்லாமே ஒரு சுற்றுத் தள்ளித்தான் வரும்" என்று பதிந்திருந்தது. ஒரு அமைப்பு எதைக் கட்டுப்படுத்தாது என்பதும் அதே திரையில், சுவிட்சுக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். ஆவணத்தின் ஏதோ ஒரு மூலையில் இருந்து என்ன லாபம்? பிறகுதான் கன்டென்டுக்கும் வாடிக்கையாளர் கையில் கட்டுப்பாடு கொடுத்தார்கள்.

அன்று ஒழுங்காக வேலை செய்த வடிவமைப்பு ஒன்றும் உண்டு: விண்டோஸ் வட்டைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கரின் மீட்புச் சாவி. 48 இலக்கம், 6 இலக்கமாக 8 கூறு. ஒவ்வொரு கூறும் 11-ஆல் மீதியில்லாமல் வகுபடும்படி அமைத்திருக்கிறார்கள், அதனால் தட்டுப்பிழை எந்தக் கூறில் என்று கண்டுபிடிக்க வழி இருக்கிறது. போனில் ஒருவர் வாசிக்க இன்னொருவர் தட்டும் வேலைக்கு இதைவிட என்ன வேண்டும். சாவிகளை வைத்திருந்த சர்வரே நீலத்திரையில் கிடந்த இடங்களைப் பற்றி நான் பேசவில்லை.

டிடெக்ட்_மோடு

கமிட் நண்பர் மேலே "தானாக அழிப்பதை அணைத்து வைத்திருந்தார்கள்" என்று போகிறபோக்கில் ஒரு குத்து குத்தியிருக்கிறார். புதுக் கருவியை வாங்கிய ஆறு மாதத்தில் அழிக்கும் வசதியை அணைத்து வைப்பது சோம்பேறித்தனம் இல்லை. சம்பளப் பட்டுவாடா நாளன்று கணக்குப்பிரிவின் மேக்ரோ கோப்பைத் தூக்கிக் குப்பையில் போட்டால் என்ன நடக்கும் என்று தெரிந்தவர்கள் எல்லோரும் முதலில் பார்க்கும் முறையில்தான் ஓட்டுவார்கள்.

சிக்கல் எங்கே என்றால், "பார்" என்பதிலிருந்து "தடு" என்பதற்குப் போக ஒற்றைச் சுவிட்சை மட்டும் வைத்திருக்கிறார்கள். மொத்தமாக அணைப்பு, இல்லாவிட்டால் மொத்தமாக எரிப்பு. பயந்தவர் கையை வைக்கவே மாட்டார். கேட்காமலே சொல்கிறேன், யாராவது இப்படிப்பட்ட திரை செய்துகொண்டிருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். சுவிட்சுக்குப் பக்கத்தில், கடந்த 30 நாளில் இது "தடு"வில் இருந்திருந்தால் என்னென்ன நின்றிருக்கும் என்ற பட்டியலைக் காட்டுங்கள், எண்ணிக்கையை மட்டும் போடாமல் கோப்புப் பெயர், கணினி, துறை மூன்றும் தெரியும்படி. அந்தப் பட்டியலில் நியாயமானவற்றை டிக் அடித்தால் அங்கேயே விதிவிலக்கு உருவாக வேண்டும். விதிவிலக்குக்குக் காலாவதித் தேதி கட்டாயம், 90 நாள் என்று முன்கூட்டியே நிரப்பி வையுங்கள். காலியாக விட்டால் எல்லோரும் "எப்போதும்" என்றுதான் வைப்பார்கள். கோப்புறைப் பாதையை வைத்து விலக்குக் கொடுப்பதைவிடக் கையொப்பச் சான்றிதழையோ கோப்பின் கைரேகையான ஹாஷையோ வைத்துக் கொடுப்பது நல்லது, ஏனென்றால் எழுத அனுமதியுள்ள கோப்புறை என்றால் திருடனும் அதில்தான் வந்து உட்காருவான். ஹாஷ் வைத்தால் அடுத்த பதிப்பு வந்ததும் விலக்கு செல்லாமல் போகும், அதையும் திரை முன்கூட்டியே சொல்ல வேண்டும். பிறகு துறை துறையாகத் "தடு"வுக்கு மாற்றுங்கள், முதலில் ஐடி, கணக்குப்பிரிவு கடைசி, மாதக் கடைசி வாரத்தில் எதையும் தொடாதீர்கள். காரணம் எழுதச் சொல்லும் பெட்டி வைத்தால் வெறும் புள்ளி ஒன்றை வைத்துவிட்டுப் போவார்கள், அதனால் நான்கு ரெடிமேட் காரணமும் ஒரு டிக்கெட் எண் கட்டமும் போதும்.

இரா_ஷிஃப்ட்

என் பதிவைவிட ஆலோசனை நீளம். ஆனால் அந்த 30 நாள் பட்டியலை ஒப்புக்கொள்கிறேன்.

சாம்பல்_விளக்கு

பெயர், பட்டன், நேரம் எல்லாம் சரி. அலர்ட்டே வராத திரையைப் பற்றி யாரும் சொல்லவில்லையே? அமெரிக்கக் கடன்மதிப்பு நிறுவனம் ஈக்விஃபாக்ஸ், 2017.

மறைகுறியாக்கிய நெட்வொர்க் போக்குவரத்தைப் பிரித்துப் பார்க்கும் கருவி ஒன்று அங்கே இருந்தது. அதன் சான்றிதழ் காலாவதியாகிவிட்டது. காலாவதியானால் கருவி போக்குவரத்தை நிறுத்தாது, பார்க்காமல் விட்டுவிடும். அமெரிக்கப் பிரதிநிதிகள் சபைக் குழுவின் 2018 அறிக்கை 19 மாதம் அப்படிக் கிடந்தது என்கிறது. மொத்தம் 324 சான்றிதழ்கள் காலாவதி, அதில் 79 முக்கியமான டொமைன்களைக் கண்காணித்தவை. ஜூலை 29 அன்று புதுச் சான்றிதழ் போட்டார்கள். போட்டவுடனே சந்தேகப் போக்குவரத்து கண்ணில் பட்டது. திருடர்கள் மே மாதத்திலிருந்து உள்ளே உட்கார்ந்திருந்தார்கள்!

பூஜ்யம் அலர்ட் என்றால் நம் டாஷ்போர்டுகள் எல்லாம் பச்சை காட்டுகின்றன. குருடானாலும் பச்சை, அமைதியாக இருந்தாலும் பச்சை. எண்ணிக்கைக்குக் கீழேயே "கடைசியாகப் பிரித்துப் பார்த்தது: 4 நிமிடம் முன்பு" என்று ஒரு வரி வேண்டும். அது வழக்கத்தைவிட நீண்டால் சாம்பல் நிறம். சோதனை நிகழ்வு ஒன்றை 15 நிமிடத்துக்கு ஒருமுறை நாமே அனுப்பி, அது திரை வரை வந்து சேர்கிறதா என்று பார்ப்பது இன்னும் நல்லது. சேராவிட்டால் அதுதான் அலர்ட். சான்றிதழ் நினைவூட்டலை ஒரு ஆளின் மெயிலுக்கு அனுப்பாதீர்கள், ஆள் வேலையை விட்டுப் போய்விடுவார்.

தூக்கத்தில்_ஒப்புதல்

நள்ளிரவு, போன் அதிர்கிறது, "லாகின் செய்வது நீங்களா?" ஆம், இல்லை. இரண்டு பட்டனும் ஒரே அளவு. இல்லை என்றால் மறுபடி வரும், மறுபடி வரும். ஆம் என்றால் தூங்கலாம். 2022 செப்டம்பரில் ஊபரில் ஒரு காண்ட்ராக்டர் திருடன் கிளப்பிய இப்படிப்பட்ட அறிவிப்புகளை முதலில் மறுத்துக்கொண்டே இருந்து கடைசியில் ஒன்றை ஏற்றுவிட்டார். அந்தத் திரை அவரைக் கேட்ட கேள்வி அதுதானே.

2023 மே 8-லிருந்து மைக்ரோசாஃப்ட் தன் ஆதென்டிகேட்டர் ஆப்பில் எல்லோருக்கும் எண் பொருத்தலைக் கட்டாயமாக்கியது. லாகின் திரையில் தெரியும் இரண்டு இலக்கத்தைப் போனில் தட்ட வேண்டும். லாகின் திரை முன்னால் இல்லாதவருக்கு எண் தெரியாது, தூக்கக் கலக்கத்தில் ஏற்க முடியாது. வரைபடத்தில் இடம் காட்டும் வசதியையும் சேர்த்தார்கள். அதை இங்கே நம்பிவிடாதீர்கள்: மொபைல் டேட்டாவின் ஐபி முகவரி பல நேரம் வேறு ஊரைக் காட்டும். திருநெல்வேலியில் உட்கார்ந்திருப்பவருக்குத் தினமும் மும்பை காட்டினால், ஒருநாள் மாஸ்கோ காட்டும்போதும் தட்டிவிட்டுப் போவார்.

கமிட்_கன்ஃபர்ம்டு

எண் பொருத்தல் போலி லாகின் பக்கத்தைத் தடுக்காது. நடுவில் உட்கார்ந்தவன் அசல் பக்கத்தின் எண்ணை அப்படியே போலிப் பக்கத்தில் காட்டுவான், ஆளும் அதைத் தட்டுவார். கடவுச்சொல்லுக்குப் பதிலான பாஸ்கீயோ ஃபிடோ சாவியோ அசல் தளத்தின் டொமைனோடு கட்டப்பட்டது, வேறு டொமைனில் அது பேசவே பேசாது.

தூக்கத்தில்_ஒப்புதல்

சரிதான், ஆனால் காண்ட்ராக்டர் எல்லோருக்கும் சாவி வாங்கித் தர நிதிப்பிரிவு கையெழுத்துப் போடும் நாள் வரை என்ன செய்வது?

அஞ்சரை_மணி

ஒரே போனிலேயே லாகினும் ஆப்பும் இருந்தால் அறிவிப்புப் பெட்டி வந்து எண்ணை மறைத்துவிடுகிறது, இதற்கு என்ன வழி?

தூக்கத்தில்_ஒப்புதல்

பெட்டியிலேயே "எண் தெரியவில்லை" என்று ஒரு பட்டன் இருக்கும். அழுத்தினால் பெட்டி கொஞ்ச நேரம் ஒதுங்கி நிற்கும், எண்ணைப் பார்த்துக்கொள்ளலாம்.