வெள்ளவத்தையில் வீடு பார்க்கப் போகிறவர் கொழும்பையும் பார்க்கலாமா?

பாலையூற்றுப் பெண்:
வணக்கம். நான் திருகோணமலையில் இருக்கிறேன். கொழும்பு வெள்ளவத்தையில் கடற்பக்கத்து ஒழுங்கையொன்றில் தொடர்மாடி வீட்டில் இருக்கும் என்னுடைய சித்தியும் சித்தப்பாவும், மகளின் பிள்ளைப்பேற்றுக்காகக் கனடாவுக்குப் போகிறார்கள். அவர்கள் திரும்பி வரும்வரை வந்து நிற்கும்படி என்னைக் கேட்டிருக்கிறார்கள். சாமியறையில் விளக்கேற்றுவது, பூச்சாடிகளுக்குத் தண்ணீர் விடுவது, வீட்டில் ஆளிருப்பது வெளியே தெரியும்படி இருப்பது, இவ்வளவுதான் அவர்கள் சொன்ன வேலை. கடவுச்சீட்டு எடுக்கவும் கண் வைத்தியரிடம் காட்டவும் மட்டுமே கொழும்புக்குப் போய் வந்த எனக்கு, இந்த முறை நகரத்தை ஆறுதலாகச் சுற்றிப் பார்க்க ஆசை. அப்பாவோ, "வீடு பார்க்கப் போகிறவள் வீட்டிலேதான் இருக்க வேண்டும்" என்கிறார். இப்படி வீடு பார்த்தவர்களும், தங்கள் வீட்டைப் பிறரிடம் விட்டுப் போனவர்களும் உங்கள் எண்ணத்தைச் சொல்லுங்கள்.

உவர்மலை ஆசிரியர்:
பிள்ளை, அப்பா சொல்வதே சரி. திருகோணமலையில் நாங்கள் வெளியூர் போனால் பக்கத்து வளவுக்காரர் ஒரு கண் வைத்திருப்பார். தெரியாத ஒருவர் படலையைத் திறந்தால், யாரென்று கேட்காமல் விடமாட்டார். தொடர்மாடியில் எதிர்க்கதவில் இருப்பவருக்கே இந்த வீட்டில் யார் இருக்கிறார் என்பது பல நேரம் தெரியாது. நீ வெளியே போயிருக்கும்போது குழாய் வெடித்தால், கீழ்வீட்டுக்காரரின் சுவர் நனைந்த பிறகுதான் விஷயம் வெளிவரும். அதற்குச் சித்தி கனடாவில் இருந்தபடி பதில் சொல்ல வேண்டும். ஊர் பார்க்க ஆசையென்றால், அவர்கள் வந்த பிறகு அவர்களோடு நின்று பார்த்துவிட்டு வரலாமே.

நிலாவெளித் தம்பி:
சேர், மரியாதையோடு மறுக்கிறேன். அந்த வீட்டுக்காரர் ஊரில் இருக்கும் நாட்களில் காலையில் வேலைக்குப் போய் மாலையில்தானே திரும்புகிறார்கள்? அவர்கள் பகலெல்லாம் பூட்டிவிட்டுப் போகும் வீட்டை அக்கா மட்டும் ஏன் இருபத்துநான்கு மணி நேரமும் காக்க வேண்டும்? இரவில் வெளிச்சம் தெரிய வேண்டும், காலையில் யன்னல் திறக்க வேண்டும், வாசலில் கடிதங்கள் குவியக் கூடாது. இவற்றைச் செய்துவிட்டால் இடைப்பட்ட பகல் அவருடையது.

அக்கா, நீங்கள் தாமரைக் கோபுரத்துக்கும் காலிமுகத்திடலுக்கும் எப்படியும் போவீர்கள். அவற்றை நான் சொல்லத் தேவையில்லை. முதலில் 1877 இல் திறக்கப்பட்ட தேசிய அருங்காட்சியகத்துக்குப் போங்கள். அங்கே காலியில் 1911 இல் கண்டெடுக்கப்பட்ட மும்மொழிக் கல்வெட்டு இருக்கிறது. சீனக் கடற்படைத் தளபதி செங் ஹேயின் பயணத்தோடு வந்த அந்தக் கல்லில் 1409 ஆம் ஆண்டுத் தேதி இருக்கிறது. சீன மொழியில் புத்தருக்கும், பாரசீகத்தில் அல்லாஹ்வுக்கும், தமிழில் தீவின் தென்முனையான தெவிநுவரையில் கோயில் கொண்ட திருமாலான தெனவரை நாயனாருக்கும் காணிக்கை சொல்லியிருக்கிறார்கள். எழுத்துகள் மிகவும் தேய்ந்திருப்பதால் அவசரமாகப் பார்ப்பவருக்கு அது வெறும் பலகைக் கல்லாகவே தோன்றும். அறுநூறு ஆண்டுகளுக்கு முன் இந்தத் தீவின் கடல் வணிகத்தில் தமிழுக்கு இருந்த இடத்தை வேறெந்தச் சான்றும் இவ்வளவு நேராகக் காட்டியதாக எனக்குத் தோன்றவில்லை. அதே கட்டடத்தில் பொலன்னறுவையில் கிடைத்த சைவச் செப்புத் திருமேனிகளும் உண்டு. கோணேசர் ஊரில் பிறந்தவர்கள் அந்த நடராசரைப் பார்க்காமல் இருப்பது எனக்குக் கவலை தருகிறது.

இன்னொரு நாளில் புறக்கோட்டையில் 1909 இல் கட்டி முடிக்கப்பட்ட சிவப்புப் பள்ளிவாசல், வூல்பெண்டால் மலையில் 1757 இல் திறந்து வைக்கப்பட்ட ஒல்லாந்தர் தேவாலயம், சேர் பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லால் திருப்பணி செய்த கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேஸ்வரர் கோயில் ஆகியவற்றைப் பார்க்கலாம். நேரம் இருந்தால் கரையோர ரயிலிலேயே காலிக்கும் போய் ஓர் இரவு தங்கி வாருங்கள்.

உப்புவெளி அக்கா:
தெகிவளையில் இருக்கும் எங்கள் வீட்டை உறவினரிடம் விட்டுவிட்டு வெளிநாடு போய் வருகிறவள் என்ற முறையில் எழுதுகிறேன். பகலில் வெளியே போவதில் எனக்கு ஆட்சேபனை இல்லை. ஆனால் காலியில் இரவு தங்கச் சொன்னதை ஏற்கவே மாட்டேன், தம்பி. வீட்டில் ஆள் வைப்பதே இரவுக்காகத்தான்.

நீங்கள் இருவரும் தொடாத விஷயம் ஒன்று உண்டு. கொழும்பில் டெங்குக்கு ஆட்கள் இல்லாத வீடுகளும் அரைகுறையாகக் கவனிக்கப்படும் வீடுகளும் பெரிய காரணம். நுளம்பு முட்டை ஒரு வாரம், பத்து நாளில் பறக்கும் நுளம்பாகிவிடும். பூச்சாடியின் கீழ்த் தட்டு, குளிர்சாதனப் பெட்டியின் பின்புறம் அடியில் இருக்கும் சிறிய தட்டு, குளிரூட்டியில் இருந்து நீர் வடியும் வாளி, பாவிக்காத கழிவறையின் தாங்கி ஆகிய எல்லாவற்றையும் வாரத்தில் ஒரு நாள் பார்க்க வேண்டும். தட்டில் உள்ள நீரை ஊற்றினால் மட்டும் போதாது. முட்டை விளிம்பில் ஒட்டியிருக்கும், தேய்த்துக் கழுவ வேண்டும். 2007 ஆம் ஆண்டின் நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டம் உரிமையாளரை மட்டுமன்றிக் குடியிருப்பவரையும் பொறுப்பாக்குகிறது. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வரும்போது கதவைத் திறக்கப் போகிறவள் நீதான், தங்கச்சி.

இன்னொன்று, மாடத்தில் நின்று கடலைப் படமெடுத்து முகநூலில் போடாதே. வீட்டுக்காரர் நாட்டில் இல்லை என்பதையும் வீடு எந்த ஒழுங்கையில் என்பதையும் அந்த ஒரு படமே ஊருக்குச் சொல்லிவிடும்.

உவர்மலை ஆசிரியர்:
என் மறுப்புக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. போர்க்காலத்தில், 2007 ஜூன் 7 ஆம் திகதி கொழும்பு லொட்ஜுகளில் தங்கியிருந்த தமிழர் நூற்றுக்கணக்கானோரைப் பொலிஸார் பஸ்களில் ஏற்றி நகரத்துக்கு வெளியே அனுப்பினார்கள்; மறுநாள் உயர் நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. அந்தக் காலத்தில் வெள்ளவத்தையில் உறவினர் வீட்டில் தங்குபவரும் பொலிஸில் பதிய வேண்டியிருந்தது. அடையாள அட்டை சட்டைப்பையில் இருக்கிறதா என்று தடவிப் பார்க்காமல் நாங்கள் படியிறங்கியதில்லை. போன வேலை முடிந்ததும் இரவு ரயிலில் ஏறிவிடுவோம். இன்று நிலைமை வேறு என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் தனியாகப் போகும் பிள்ளை புறக்கோட்டைச் சந்துகளில் ஆறுதலாகச் சுற்றட்டும் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

நிலாவெளித் தம்பி:
சேர், நீங்கள் பட்டதை நான் சிறிதாக எண்ணவில்லை. என் வீட்டிலும் அந்தப் பயத்தோடு வாழ்ந்தவர்கள் இருக்கிறார்கள். அதனால்தான் அக்கா போய்ப் பார்க்க வேண்டும் என்று வற்புறுத்துகிறேன். நீங்கள் அலுவலக வரிசையை மட்டும் பார்த்துத் திரும்பிய நகரத்தின் கோயிலிலும் அருங்காட்சியகத்திலும் உங்களுக்கும் பங்கு இருந்தது. அந்தப் பங்கை எங்கள் தலைமுறையும் பயத்தினால் விட்டுவிடக் கூடாது. காலியைப் பற்றி உப்புவெளி அக்கா சொன்னதை ஏற்கிறேன்.

பாலையூற்றுப் பெண்:
எல்லோருக்கும் நன்றி. நேற்றிரவு சித்தியோடு தொலைபேசியில் கதைத்தேன். பகலில் வெளியே போவதில் அவருக்கு மறுப்பில்லை. மாலை விளக்கு வைக்கும் நேரத்துக்கு வீட்டில் இருக்க வேண்டும், வெளியே போகும்போது பிரதான தண்ணீர்க் குழாயையும் எரிவாயுவையும் பூட்டிவிட வேண்டும் என்றார். மறுசாவி எதிர்வீட்டு அன்ரியிடம் இருக்கிறதாம். சேர், நீங்கள் பயந்த குழாய் விஷயத்துக்கு இது போதும் என்று நினைக்கிறேன். புறக்கோட்டைக்குத் தனியாகப் போகவில்லை. பம்பலப்பிட்டியில் இருக்கும் என்னோடு படித்த தோழி வருகிறாள். மற்ற நாட்களில் பக்கத்திலேயே 1942 இல் தொடங்கிய கொழும்புத் தமிழ்ச் சங்கத்தின் நூலகம் இருக்கிறது. அங்கே போனால் சித்தி வீட்டுக்கும் தூரமில்லை. பூச்சாடித் தட்டுகளைக் கழுவ வெள்ளிக்கிழமையை ஒதுக்கியிருக்கிறேன். அப்பாவிடம் இதையெல்லாம் சொன்னேன். அவர் இன்னும் சம்மதிக்கவில்லை. சேர், அவர் உங்களை அறிந்தவர், நீங்கள் ஒரு சொல் சொன்னால் கேட்பார்.