ரெசொனன்ஸைக் கூட்டினால் பேஸ் மெலிந்துபோகிறது: உதவி தேவை

கேள்வி:
வணக்கம். மென்பொருள் சிந்தசைசர் ஒன்றில், சாடூத் (ரம்பப்பல் வடிவ அலை) ஆசிலேட்டரை, ஆக்டேவுக்கு 24 டெசிபெல் குறைக்கும் லேடர் வகை லோ-பாஸ் ஃபில்டர் (உயர் அதிர்வெண்களை அமுக்கும் வடிகட்டி) வழியாக அனுப்பி ஒரு பேஸ் ஒலியை அமைத்து வருகிறேன். ரெசொனன்ஸ் பூஜ்யத்தில் இருக்கும்போது ஒலி கனமாக இருக்கிறது. பாதிக்கு மேல் கூட்டியதும் கட்ஆஃப் (ஃபில்டர் அமுக்கத் தொடங்கும் அதிர்வெண்) அருகே சீழ்க்கை போன்ற முனைப்பு எழுகிறதே தவிர, அடிப்பகுதி முழுவதும் மெலிந்துவிடுகிறது. ஈக்வலைசரில் 80 ஹெர்ட்ஸை உயர்த்தினால், ரெசொனன்ஸ் குறையும் இடங்களில் பேஸ் அளவுக்கு மீறி முழங்குகிறது. இது மென்பொருளின் கோளாறா?

பதில் 1:
கோளாறு அன்று, லேடர் ஃபில்டரின் இயல்பே அதுதான். ராபர்ட் மூக் 1969-இல் காப்புரிமை பெற்ற அந்தச் சுற்றில் நான்கு படிகள் வரிசையாக உள்ளன. கட்ஆஃப் அதிர்வெண்ணில் ஒவ்வொரு படியும் ஒலியின் கட்டத்தை (அலைச் சுழற்சியில் அது நிற்கும் இடத்தை) 45 டிகிரி பின்தள்ளுவதால், நான்கையும் கடந்து வரும்போது அது 180 டிகிரி திரும்பியிருக்கும். அந்த வெளியீட்டைத் தலைகீழாக்கி உள்ளீட்டோடு மறுபடி சேர்ப்பதுதான் ரெசொனன்ஸ். ஏற்கெனவே திரும்பியதை மீண்டும் திருப்பினால் அது மூல ஒலியோடு ஒத்துப்போகும். ஆகவே கட்ஆஃப் அருகே ஒலி வலுக்கிறது. வெகு கீழே உள்ள அதிர்வெண்களிலோ கட்டம் அநேகமாக மாறுவதே இல்லை. அங்கே தலைகீழாக வந்து சேரும் பங்கு மூல ஒலியைக் கழித்துவிடுகிறது. இப்படித் திருப்பிச் சேர்க்கும் பின்னூட்ட அளவு 4-ஐத் தொட்டால் ஃபில்டர் தானாகவே ஒலிக்கத் தொடங்கும். அந்நிலையில் பேஸ் ஐந்தில் ஒரு பங்காக, அதாவது ஏறக்குறைய 14 டெசிபெல் குறைந்திருக்கும்.

இழப்பு ரெசொனன்ஸோடு சேர்ந்து மாறுவதால், அசையாமல் நிற்கும் ஈக்வலைசர் அதை ஈடுகட்டாது. இந்த இழப்பைத் தானாக ஈடுகட்டும் பேஸ் காம்பென்சேஷன் வசதி இருந்தால் அதை இயக்குங்கள். இல்லையெனில், அதே சுரத்தில் ஒரு சைன் ஆசிலேட்டரை ஃபில்டருக்குள் விடாமல் நேராக வெளியீட்டில் கலக்கலாம். ஸ்டேட் வேரியபிள் என்ற வேறு வகை 12 டெசிபெல் ஃபில்டருக்கு மாறினாலும் பேஸ் நிற்கும். ஆனால் குணம் வேறாகிவிடும், எனக்கு லேடர்தான் பிடிக்கும்.

கேட்டவர்:
மிக்க நன்றி. அந்த வசதி இல்லை. சைன் கலந்ததும் கனம் நிலைத்துவிட்டது. ஆனால் மேல் ஆக்டேவ்களில் வாசித்தால் சாடூத் மங்கி, சைன் மட்டுமே கேட்கிறது.

பதில் 2:
கீ டிராக்கிங் (வாசிக்கும் சுரத்துக்கு ஏற்பக் கட்ஆஃபை நகர்த்தும் அமைப்பு) பூஜ்யத்தில் இருக்கும் என்று நினைக்கிறேன். கட்ஆஃப் 440 ஹெர்ட்ஸில் நின்றால், 110 ஹெர்ட்ஸ் சுரத்தின் முதல் மூன்று ஹார்மோனிக்குகள் (அடிப்படை அதிர்வெண்ணும் அதன் மடங்குகளும்) அதற்குக் கீழேயும் நான்காவது சரியாகக் கட்ஆஃபிலேயுமாக அமையும். 880 ஹெர்ட்ஸ் சுரத்திலோ அடிப்படை அதிர்வெண்ணே ஒரு ஆக்டேவ் மேலே போய், 24 டெசிபெல் அளவுக்கு அமுங்கிவிடும். டிராக்கிங்கை 100 சதவீதம் வைத்தால் கட்ஆஃப் சுரத்தோடு சேர்ந்தே ஏறும். மேல் சுரங்கள் குத்தலாகத் தோன்றினால் 50 அல்லது 60-க்கு இறக்கி, காதுக்கு ஒத்த இடத்தில் நிறுத்துங்கள்.