மறு: மறு: ‘கிரவுண்ட்வொர்க்’ – தரைப்பயிற்சியா, வசக்கலா, பழக்கலா?

அனைவருக்கும் வணக்கம்.

நான் தமிழாக்கும் குதிரைப் பயிற்சி நூலின் கோப்பு வெள்ளி காலை அச்சகத்துக்குப் போகவேண்டும். இன்று புதன். மூன்றாம் அத்தியாயத்தின் தலைப்பு இன்னும் வெறுமையாகவே கிடக்கிறது. ஏறி உட்காராமல் கீழே நின்றபடியே குதிரையைப் பழக்கும் ‘கிரவுண்ட்வொர்க்’குக்கு நாம் இன்னும் ஒரு தமிழ்ச்சொல்லை முடிவுசெய்யவில்லை. ஷயர், கிளைட்ஸ்டேல் போன்ற, பாரம் இழுக்கும் பெருங்குதிரைகளின் குட்டிகளை முதலில் எப்படிக் கையாள்வது என்று சொல்லும் இங்கிலாந்து நூல் இது. நுவரெலியாவில் அந்த இனம் இல்லை. என் மாணவர்கள் கிரெகரி வாவிக் கரையில் மட்டக்குதிரை பிடிப்பவர்களின் பிள்ளைகள். ஆனாலும் முறை ஒன்றுதான்.

ஹட்டன் சேர் முன்வைத்த ‘தரைப்பயிற்சி’யை நேற்று வகுப்பில் சொல்லிப் பார்த்தேன். “குதிரையைப் படுக்க வைக்கிறதா டீச்சர்?” என்று ஒரு பையன் கேட்டான். அவன் கேட்டது நியாயம். மனிதர் குதிரையின் முதுகில் ஏறாமல் கீழே நிற்கிறார், அவ்வளவுதான் மூலச்சொல்லின் பொருள். ‘தரை’ என்றதும் தமிழில் கண் தரைக்குப் போகிறது, பக்கத்தில் நிற்கும் ஆளிடம் போவதில்லை.

பதுளை அக்காவின் ‘வசக்கல்’ எனக்கு மிகவும் பிடித்த சொல். வண்டி மாட்டை வசக்குவது பற்றி எங்கள் தாத்தா பேசிக் கேட்டிருக்கிறேன். ‘வசம்’ வடசொல் என்று யாழ்ப்பாணத்து ஐயாவும், ‘வயம்’ தான் மூலம் என்று அக்காவும் ஏழு கடிதம் எழுதிவிட்டீர்கள். என் மறுப்பு வேறு. வசக்குவது என்றால் அடக்கித் தன் வழிக்குக் கொண்டுவருவது. இந்த அத்தியாயம் சொல்வது அதற்கு நேர் எதிர்.

அதில் வருவதைப் பாருங்கள். குட்டிக்குத் தலைக்கயிறு போட்டிருக்கிறது. ஆள் அதன் இடது தோளருகே நிற்கிறார். கயிற்றை லேசாக இழுத்துப் பிடித்துக் காத்திருக்கிறார். குட்டி ஓர் அடி எடுத்து வைத்த அந்த நொடியே தளர்த்துகிறார். அந்தத் தளர்வுதான் அதற்குக் கிடைக்கும் பரிசு. தளர்த்தப் பிந்தினால், நடந்தாலும் இழுப்பு நிற்காது என்றே குட்டி கற்றுக்கொள்ளும். வளர்ந்த ஷயர் 17 கை உயரம் வரும். கை என்பது 4 அங்குலம், ஆக 68 அங்குலம், நம் கணக்கில் ஏழரைச் சாண். எடை ஏறத்தாழ ஒரு டன். அதைப் பலத்தால் பிடித்து நிறுத்த எந்த மனிதராலும் முடியாது. முதுகெலும்பு முற்றவே 5, 6 வருடம் எடுக்கும் என்பதால் சிறு வயதில் பாரமும் ஏற்றக்கூடாது. அந்த வருடங்களெல்லாம் இந்த வேலைக்குத்தான்.

ஞாயிற்றுக்கிழமை வாவிப் பக்கம் போனேன். ஒரு குதிரைக்கார அண்ணன் இளங்குதிரைக்குக் கால் தூக்கப் பழக்கிக்கொண்டிருந்தார். தோளில் வைத்த கை அப்படியே வழுக்கிக் கீழே போகிறது, கணுக்காலில் ஒரு தொடுகை. குதிரை பாரத்தை மறுகாலுக்கு மாற்றியதும் குளம்பு அவர் உள்ளங்கைக்கு வந்துவிட்டது. இரண்டு நொடிதான், மெதுவாக இறக்கி வைத்தார். இதற்கு என்ன பெயர் என்று கேட்டேன். “இன்னும் யாரும் ஏறல. கையிலதான் பழக்குறேன்” என்றார்.

எனவே என் பரிந்துரை ‘கைப்பழக்கல்’. ‘கைப்பழக்கம்’ என்றால் கைத்தேர்ச்சி ஆகிவிடுமே என்று ஐயா சொல்வார். பழகு தன்வினை, அதிலிருந்து வருவது பழக்கம். பழக்கு பிறவினை, அதிலிருந்து வருவது பழக்கல். குழப்பமில்லை.

குட்டியா கன்றா என்ற கேள்விக்கு: தொல்காப்பிய மரபியல் யானைக்கும் குதிரைக்கும் கழுதைக்கும் ‘கன்று’ என்பதைத் தருகிறது, ஐயா சொல்வது சரி. வாவிக் கரையில் எல்லோரும் ‘குட்டி’ என்கிறார்கள். நூலில் குட்டி, சொற்பட்டியலில் இரண்டும்.

அப்புறம், தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளைக் குறிக்கும் ‘லயம்’ குதிரை ‘லாய’த்திலிருந்து வந்தது என்று எழுதிய தம்பிக்கு. அது ‘லைன்’ என்ற ஆங்கிலச் சொல். ஆனால் பத்தடிக்குப் பன்னிரண்டடி லயக் காம்பராவில் பிறந்தவள் நான். அந்தச் சொல்லில் உங்கள் காதுக்கு லாயம் ஏன் கேட்டது என்று எனக்குத் தெரியும். அதற்குத் தனி இழை தொடங்குங்கள், நானும் எழுதுகிறேன்.

இதுவரை தரைப்பயிற்சிக்கு ஏழு பேர், கைப்பழக்கலுக்கு என்னையும் சேர்த்து மூன்று. நாளை இரவுக்குள் யாரும் மாறாவிட்டால் தலைப்பில் தரைப்பயிற்சியே போகும், எனக்கு உடன்பாடில்லை என்றாலும். உள்ளே நடைமுறை விளக்கங்களில் கைப்பழக்கல் என்றே எழுதியிருக்கிறேன், அதை மாற்றப்போவதில்லை.

ஐந்தாம் அத்தியாயத்துக்கும் ஒரு சொல் வேண்டும். குட்டியின் பின்னால் இரண்டு நீள வார்களைப் பிடித்துக்கொண்டு நடந்தபடியே திருப்பப் பழக்குவது. அக்கா, ஏர் மாட்டுக்கு அப்படி ஏதும் சொல் இருந்ததா? வீட்டில் பெரியவர்களிடம் கேட்டு எழுதுங்கள்.